மருத்துவத் திரவங்கள் மாறுதல்

மருத்துவத் திரவங்கள் மாறுதல் என்பது, தோற்றத்தில் ஒத்திருக்கும் இரு திரவங்களுள் ஒன்றை மற்றொன்றாகக் கருதி நோயாளிக்குச் செலுத்துவதால் ஏற்படும் மருத்துவப் பிழை ஆகும். ஊசி மருந்துகள், உப்புநீர், கிருமிநாசினிகள் முதலியவற்றுள் பல நிறமற்றவை. இவை பொதிகலத்திலிருந்து கிண்ணத்துக்கோ ஊசிக்குழலுக்கோ மாற்றப்பட்ட பின்னர், அவற்றைக் கண்ணால் பார்த்து வேறுபடுத்த இயலாது.

காரணங்கள்

- குப்பிகளின் அளவு, மூடியின் நிறம், சிட்டை ஆகியவை ஒத்திருத்தல்
- ஒத்த தோற்றமுடைய மருந்துகளை அருகருகே வைத்தல்
- ஊசிக்குழல்களிலும் கிண்ணங்களிலும் பெயர் எழுதாமல் விடுதல்
- அவசர நிலை, குறைந்த வெளிச்சம், பணிச்சுமை

அறியப்பட்ட நிகழ்வுகள்

பொட்டாசியம் குளோரைடு: இதன் செறிந்த கரைசலை நீர்க்கச் செய்யாமல் சிரைவழி விரைவாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பிற மருந்துகளைக் கரைக்க உதவும் உப்புநீரைப் போலவே இதுவும் நிறமற்றது. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 1998 இல் வெளியிட்ட முதல் எச்சரிக்கை அறிக்கை இம்மருந்தைப் பற்றியதாகும். செறிந்த கரைசலை நோயாளிப் பிரிவுகளில் இருப்பு வைக்கலாகாது என அது பரிந்துரைத்தது.

குளோரெக்சிடின்: 2004 நவம்பரில் சியாட்டில் நகரின் வர்சீனியா மேசன் மருத்துவமனையில், மூளைக் குருதிக்குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற 69 வயதுப் பெண் ஒருவருக்கு, கதிர்ப்படத்தில் குருதிக்குழாய்களைக் காட்டும் மருந்துக்குப் பதிலாகத் தோலைத் தூய்மை செய்யும் குளோரெக்சிடின் செலுத்தப்பட்டது. முன்னர்ப் பயன்பட்ட அயோடின் கரைசல் பழுப்பு நிறமுடையது. புதிய கிருமிநாசினியோ நிறமற்றது. அப்பெண் 19 நாட்களில் இறந்தார். மருத்துவமனை தன் பிழையை வெளிப்படையாக அறிவித்ததுடன், அவர் பெயரால் நோயாளி பாதுகாப்பு விருது ஒன்றையும் நிறுவியது.

எப்பாரின்: 2006 செப்டம்பரில் இண்டியானாபொலிசு நகர மருத்துவமனை ஒன்றில், 1 மில்லிலீட்டருக்கு 10 அலகு கொண்ட எப்பாரினுக்குப் பதிலாக 10,000 அலகு கொண்டது குறைமாதக் குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டதில் மூன்று குழந்தைகள் இறந்தன. இரு குப்பிகளின் சிட்டைகளும் நீல நிறச் சாயலுடையவை.

திரானெக்சாமிக் அமிலம்: மகப்பேற்றுக்குப் பிந்தைய குருதிப்போக்கை நிறுத்தும் இம்மருந்தும், அறுவைப் பேற்றின்போது தண்டுவடத்தில் இடப்படும் புபிவக்கைன் என்னும் உணர்விழப்பு மருந்தும் ஒரே அறையில் இருப்பவை. முன்னது தவறுதலாகத் தண்டுவடத்தில் செலுத்தப்பட்டால் கடும் வலி, வலிப்பு, இறப்பு ஆகியன நேரலாம். இது குறித்து உலக சுகாதார அமைப்பு 2022 மார்ச்சில் எச்சரித்தது.

தடுப்பு முறைகள்

சிட்டையை மருந்தை எடுக்கும்போதும், ஊசிக்குழலில் ஏற்றும்போதும், செலுத்துவதற்கு முன்பும் படிப்பது அடிப்படை விதியாகும். ஆயினும் கவனத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஆகவே பின்வரும் ஏற்பாடுகள் வலியுறுத்தப்படுகின்றன:

- ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஊசிக்குழலுக்கும் உடனடியாகப் பெயர்ச்சிட்டை ஒட்டுதல். பெயரில்லாத திரவத்தை அப்புறப்படுத்துதல்
- கிருமிநாசினியைத் திறந்த கிண்ணத்தில் ஊற்றாது, நனைத்த பஞ்சாகப் பயன்படுத்துதல்
- ஆபத்தான மருந்துகளைத் தனியே வைத்தல், இருவர் சரிபார்த்தல்
- தண்டுவட ஊசிகளுக்குச் சிரைவழி ஊசிக்குழல்களுடன் பொருந்தாத இணைப்பி அமைத்தல். இதற்கான பன்னாட்டுச் சீர்தரம் 2016 இல் வெளியானது.

உலக சுகாதார அமைப்பு 2007 இல் அறிவித்த ஒன்பது நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில், செறிந்த மின்பகுபொருள் கரைசல்களைக் கட்டுப்படுத்துதலும், குழாய்களைத் தவறாக இணைப்பதைத் தவிர்த்தலும் அடங்கும்.

இவற்றையும் பார்க்க

- நோயாளி பாதுகாப்பு
- மருத்துவப் பிழை
- சிரைவழி மருத்துவம்