அச்சிடும் கட்டளையும் சொல்வரிசையும்: நிரல்மொழிகளின் வடிவச் சரம் குறித்த வரலாற்றுக் குறிப்பு

மாறாத சொற்களுக்கிடையே மாறும் மதிப்புகளைப் பொருத்தி அச்சிடுவதற்காக நிரலில் எழுதப்படும் மாதிரித் தொடரே வடிவச் சரம் எனப்படும். இதன் இலக்கணம் எண்களை அட்டவணையிடும் தேவையிலிருந்து தோன்றியது. வாக்கியம் அமைக்கும் தேவை பின்னரே கருதப்பட்டது.

1957இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் அச்சிடும் கட்டளையும், எண்ணின் அகலத்தையும் தசமத் தானங்களையும் வரையறுக்கும் வடிவக் கூற்றும் தனித்தனியே நின்றன. ஒரு சொல்லை அப்படியே அச்சிட வேண்டுமாயின், அதன் எழுத்துகளை நிரலரே எண்ணி அவ்வெண்ணை முன்னால் எழுத வேண்டியிருந்தது. எண்ணிக்கை மிகுந்தால் அடுத்துள்ள குறிகளும் சொல்லின் பகுதியாகக் கொள்ளப்படும். சொல் அங்கு விருந்தாளியாகவே இருந்தது எனலாம்.

மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960களில் உருவாக்கிய பிசிபிஎல் மொழியின் ரைட்எஃப் செயற்கூறு, உரையையும் வடிவக் குறிகளையும் ஒரே சரத்தில் இணைத்தது. விழுக்காட்டுக் குறியும் ஓர் எழுத்தும் மதிப்பு வரவேண்டிய இடத்தைச் சுட்டின. இம்முறையே பி மொழி வழியாக டென்னிஸ் ரிட்சியின் சி மொழிக்கு வந்து, பிரிண்ட்எஃப் என நிலைபெற்றது. சரத்தில் குறிகள் நிற்கும் வரிசையிலேயே மதிப்புகளும் தரப்படுதல் அதன் விதியாகும். ஆங்கிலத்தில் எழுதி ஆங்கிலத்திலேயே படிப்போருக்கு இவ்விதி இடையூறாகத் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பில்தான் இடர் வெளிப்பட்டது. இருபது கோப்புகளுள் ஐந்து முடிந்தன என்னும் செய்தியில் ஆங்கிலம் ஐந்தை முன்வைக்கும். தமிழ் ‘20 கோப்புகளில் 5’ என மொத்தத்தை முன்வைக்கும். வரிசையை மாற்ற வழியில்லாவிடில் தமிழ்த் திரையில் ‘5 கோப்புகளில் 20’ என்றே வரும். எத்தனையாவது மதிப்பு என்பதைக் குறிக்குள்ளேயே எண்ணால் சுட்டும் வசதியைப் போசிக்ஸ் தரப்பாடு ஏற்றது. சி மொழியின் ஐஎஸ்ஓ தரப்பாடு இன்றும் அதனைக் கட்டாயமாக்கவில்லை.

பைத்தான் மொழிக்கு 2006இல் முன்மொழியப்பட்ட ஃபார்மேட் முறை, நெளிவு அடைப்புக்குறிக்குள் எண்ணையோ பெயரையோ இட இசைந்தது. பெயரிட்ட இடங்களை மொழிபெயர்ப்பாளர் விரும்பியவாறு நகர்த்தலாம். 2016இல் பைத்தான் 3.6 பதிப்பில் வந்த எஃப் சரமோ கோவைகளைச் சரத்தினுள்ளேயே எழுதச் செய்தது. நிரலைப் படிப்போருக்கு இது பெரும் எளிமை. ஆயினும் எஃப் சரம் இயங்கும் கணத்திலேயே முழு உரையாகிவிடுவதால், மொழிபெயர்ப்புப் பட்டியலில் தேடுவதற்குரிய மாதிரி எஞ்சுவதில்லை. இவ்வகையில் அது மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னடைவே.

வரிசைச் சிக்கல் தீர்ந்தாலும் வேற்றுமைச் சிக்கல் தீர்வதில்லை. பெயருக்குரிய வெற்றிடத்தை அடுத்து ‘ஐ’ உருபை நிலையாக எழுதிவைத்தால் ‘மரம்ஐ’ என்றே அச்சாகும். ‘மரத்தை’ என்னும் சாரியை பெற்ற வடிவத்தை இம்முறைகளுள் எதுவும் தானாக ஆக்குவதில்லை. ஆகவே தமிழாக்கங்களில் பெயரை மேற்கோளுக்குள் நிறுத்தி, உருபை வேறொரு சொல்மேல் ஏற்றி, ‘மரம்’ என்பதை அழிக்கவா எனக் கேட்க வேண்டியுள்ளது.