தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்கள் இல்லாத காலங்கள்

உள்ளாட்சி என்றவுடன் பாடநூல்கள் உத்திரமேரூரையே முதலில் காட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன என்பது உண்மையே. ஆயினும் அது பிராமணர் குடியிருப்பான சதுர்வேதிமங்கலத்துச் சபையின் முறை. நிலமும் கல்வியும் உடைய ஆடவரே அதில் இடம்பெற முடிந்தது. இதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசுவது வரலாறாகாது. ஊரில் வாழும் எல்லோருக்கும் வாக்கு என்பது மிக அண்மையில் வந்தது. வந்த பின்னும் அது இடையிடையே நின்றுபோயிருக்கிறது.

சென்னை: 23 ஆண்டுகள்

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அதனினும் பழைய மாநகராட்சி இல்லை. 1973இல், நாள்கூலிப் பணியாளர் வருகைப் பதிவேட்டில் எழுந்த முறைகேட்டுப் புகாரை அடுத்து (இது 'மஸ்டர் ரோல் ஊழல்' எனப் பேசப்பட்டது) மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடைபெற்றது. அதில் மு. க. ஸ்டாலின் மேயராக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1973இல் சென்னையில் பிறந்த ஒரு பிள்ளை 23 வயது ஆகும்வரை தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைக் கண்டதில்லை.

அந்த ஆண்டுகளிலும் சாலை போடப்பட்டது, குப்பை அள்ளப்பட்டது. தனி அலுவலர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தனி அலுவலர் ஆட்சியில், தீர்மானத்தை முன்வைப்பவரும் நிறைவேற்றுபவரும் ஒருவரே. வரியை ஏன் உயர்த்தினீர்கள் என்று எழுந்து கேட்க எதிரே ஒரு நாற்காலியும் இல்லை.

சட்டம் வந்த பின்

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் இந்நிலைக்கு முடிவுகட்ட முயன்றன. மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். அது முடியும் முன்பே தேர்தல். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். தமிழ்நாட்டில் 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் தேர்தல்கள் ஒழுங்காக நடைபெற்றன.

எல்லா ஊர்களிலும் அல்ல. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் மனு போட ஆள் வரவில்லை. வென்றவரும் உடனே பதவி விலகினார். மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். உள்ளாட்சிப் பதவி வெறும் குழாயும் தெருவிளக்கும் பற்றியது என்று நினைப்பவர்கள் இந்தப் பெயரை மறக்கலாகாது. அந்த நான்கு ஊர்களிலும் 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடத்த முடிந்தது.

2016க்குப் பின்

2016 அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் நடக்கவிருந்த தேர்தலை, அறிவிப்பு முறைப்படி இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. அம்மாதமே மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் வழக்கும் வார்டு மறுவரையறையுமாக ஆண்டுகள் கழிந்தன. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும் தேர்தல் நடைபெற்றது.

இந்த இடைவெளியின் விலை ரூபாயிலும் தெரிந்தது. பதினான்காவது நிதிக்குழுவின் மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கே உரியது. எனவே ஒன்றிய அரசு அதை நிறுத்திவைத்தது.

கிராமத்தில் இது எப்படி உணரப்படும்? தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். தலைவர் இல்லாதபோது வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். சராசரியாக ஒருவர் முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகளைக் கவனிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி மோட்டார் கோடையில் பழுதானால், முன்பு தலைவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் நின்றவர்கள், இப்போது பேருந்து ஏறி ஒன்றிய அலுவலகம் போகிறார்கள். அங்கே அலுவலர் வேறு ஊருக்கு ஆய்வுக்குச் சென்றிருப்பார்.

2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அந்த ஊராட்சிகளில் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.