பணி ஓய்வும் முதுமையும்: முன்னோர் காட்டிய வழி



அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு நாள் சுப்ஹுத் தொழுகை முடிந்தும் பள்ளிவாசலை விட்டு எழாமல் அமர்ந்திருந்தார். உடல்நலம் சரியில்லையா என்று விசாரித்தேன். "உடம்புக்கு ஒன்றுமில்லை, ஹஜ்ரத். வீட்டுக்குப் போய் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை" என்றார்.

அந்தச் சொல் பல நாள் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. முதுமை வரும்போது சிலர், இளமையில் செய்த அனைத்தையும் அதே அளவில் செய்ய முயன்று, இயலாமல் மனம் உடைகின்றனர். வேறு சிலர், இனி நம்மால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் கைவிடுகின்றனர். நம் முன்னோரின் வாழ்வில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அமலின் அளவும் வடிவமும் மாறலாம்; அமல் நின்றுவிடலாகாது என்பதே அவ்வழி.

இதன் முதல் முன்மாதிரி நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. இரவுத் தொழுகையில் நெடுநேரம் நின்று ஓதிய அவர்கள், வயது கூடியபின் அமர்ந்து ஓதினார்கள். முப்பது நாற்பது வசனங்கள் எஞ்சியிருக்கும்போது எழுந்து நின்று, அவற்றை ஓதி முடித்து ருகூஉ செய்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. உடலின் தளர்ச்சியை அவர்கள் மறைக்கவில்லை. அதைக் காரணம் காட்டித் தொழுகையை விடவும் இல்லை.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் நுட்பமானது. இளமையில் நாள்தோறும் நோன்பு நோற்க விரும்பிய அவருக்கு, மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள் நபியவர்கள். இன்னும் இயலும், இன்னும் இயலும் என்று அவர் வேண்டிக்கொண்டே இருந்தார். இறுதியில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோற்கும் தாவூத் நபியின் நோன்பும், ஏழு நாளுக்கு ஒருமுறை குர்ஆனை முடிப்பதும் அவருக்கு வாய்த்தன. முதுமை வந்தபோது, அன்று தரப்பட்ட சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர் வருந்தினார். ஆயினும் நபியவர்களிடம் ஒப்புக்கொண்டதை விட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே முறையை மாற்றிக்கொண்டார். இரவில் ஓத வேண்டிய பகுதியைப் பகலிலேயே குடும்பத்தாரில் ஒருவரிடம் ஓதிக் காட்டுவார். இரவில் அது எளிதாகிவிடும். வலிமை தேவைப்பட்டால் சில நாள்கள் நோன்பை விட்டு, அந்நாள்களை எண்ணி வைத்துப் பின்னர் நோற்பார்.

அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். பத்து வயதில் நபியவர்களின் பணிவிடைக்கு வந்தவர். நூறாண்டை ஒட்டி வாழ்ந்து பஸராவில் மறைந்தவர். தள்ளாமையால் ரமளான் நோன்பு நோற்க இயலாமல் போன ஓரிரு ஆண்டுகளில், நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் உண்ணக் கொடுத்தார். தம்மால் பசித்திருக்க இயலாத காலத்தில் பிறர் பசியைத் தீர்த்தார்.

அக்காலத்தில் இன்று நாம் காணும் பணி ஓய்வு இல்லை. குறித்த வயதில் பென்ஷனோடு விடுவிக்கும் முறை, நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியின் அரசுப் பணிகள் வழியாக வேரூன்றியது. அவ்வாறு ஓய்வுபெற்றவர்களுள் சர் சையது அகமது கான் குறிப்பிடத்தக்கவர். மார்க்க விளக்கங்கள் சிலவற்றில் ஆலிம்கள் அவரோடு கடுமையாக மாறுபட்டனர். அம்மாறுபாடு இன்றும் உண்டு. எனினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளில் அவர் வாழ்வு தரும் பாடம் பெரிது.

1817இல் தில்லியில் பிறந்த அவர், 1838இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறைப் பணியில் சேர்ந்தார். 1876இல், அறுபதை நெருங்கும் வயதில், ஓய்வுபெற்று அலிகரில் குடியேறினார். முந்தைய ஆண்டே அங்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டிருந்தது. 1877 ஜனவரியில் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நன்கொடை திரட்டுவதிலும் கட்டடம் எழுப்புவதிலும் எழுதுவதிலும் அவருடைய எஞ்சிய நாள்கள் கழிந்தன. 1898இல் மறையும் வரை, ஓய்வுக்குப் பின் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள். அக்கல்லூரியே 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவர் வகித்த நீதிபதிப் பதவியை இன்று நினைப்போர் சிலரே. ஓய்வுக்குப் பின் அவர் செய்த பணியை உலகம் அறியும்.

எல்லோரும் கல்லூரி கட்ட இயலாது. கட்ட வேண்டியதும் இல்லை. இப்னு அம்ர் (ரலி) அவர்களின் செய்தியில் நாம் எளிதில் கடந்துவிடும் ஒன்று உண்டு. அவர் ஓதியபோது, கேட்பதற்கு வீட்டில் ஒருவர் அமர்ந்தார். முதியவர் தம் அமலைத் தொடர, குடும்பம் தன் நேரத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. நம் வீடுகளில் அத்தாவுக்கு வேளை தவறாமல் உணவும் மருந்தும் தருகிறோம். "நீங்கள் ஓதுங்கள், நான் கேட்கிறேன்" என்று அருகில் அமர்வோர் எத்தனை பேர்? "நீங்கள் பேசாமல் ஓய்வெடுங்கள்" என்னும் சொல்லை நாம் அன்பென்று எண்ணுகிறோம். அது அவர்களை வாழ்விலிருந்தே ஒதுக்கி வைத்துவிடுகிறது.

அன்று பள்ளிவாசலில் அமர்ந்திருந்த பெரியவரிடம், மதரஸாப் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் கணக்குப் பாடம் சொல்லித்தர இயலுமா என்று கேட்டேன். முதலில் தயங்கினார், முழங்கால் வலியால் தரையில் அமர இயலாது என்றார். ஒரு நாற்காலி போட்டோம். இன்று ஏழு பிள்ளைகள் அவரைச் சுற்றி அமர்கின்றனர். வலி தீரவில்லை. ஆனால் அஸர் பாங்குக்கு முன்பே வந்துவிடுகிறார்.

நம் பெற்றோரின் முதுமையை இபாதத்தும் பயனும் நிறைந்த காலமாக ஆக்கவும், அதற்கு நாம் துணை நிற்கவும் வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.