இணைகோட்டின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றும் கல்லூரியின் விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்தது. சுண்ணாம்புப் பொடியால் நான்கு தடங்கள் வரைந்திருந்தார்கள். தடத்திற்குத் தடம் 1.22 மீட்டர் இடைவெளி. நால்வரையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தி விசில் ஊதிவிட்டார்கள். வெளித்தடத்தில் ஓடிய மாணவன் கடைசியாக வந்தான். "ஐயா, நான் கூடுதல் தூரம் ஓடினேன்" என்று அவன் முறையிட்டதை எவரும் பொருட்படுத்தவில்லை. நாமும் பொருட்படுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தோற்றவன் சொல்லும் சமாதானம் என்றே எண்ணினோம்.

அடுத்த வாரம், வரைபடப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் கணினியில் உள்தடத்தை ஒரே கோடாக வரைந்தார். 'ஆஃப்செட்' என்னும் கட்டளையைத் தந்து, 1.22 என்று தட்டி, வெளிப்புறத்தைச் சுட்டினார். அதே தொலைவில் இன்னொரு தடம் எழுந்தது. மும்முறை அவ்வாறு செய்து நீளங்களைக் கேட்டபோது, ஒவ்வொரு தடமும் முந்தையதைவிட 7.67 மீட்டர் மிகுதி என்று திரை காட்டியது. நான்காம் தடத்து மாணவன் ஏறத்தாழ 23 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறான்! அன்று முதல் இந்தக் கட்டளையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

இணை என்றதும் நம் நினைவுக்கு வருவது இருப்புப்பாதை. இரு நேர்க்கோடுகள் எவ்வளவு தொலைவு சென்றாலும் இடைவெளி மாறுவதில்லை. வளைவுகளுக்கு இது எப்படிப் பொருந்தும்? வளைவின் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாக ஒரே நீளமுள்ள குச்சியை நட்டு, குச்சிகளின் நுனிகளை இணைத்தால் கிடைப்பது இணைவளைவு. பெரிதாக்கிய நகல் வேறு, இணைவளைவு வேறு. ஒரு நீள்வட்டத்தைப் பெரிதாக்கினால் மற்றொரு நீள்வட்டம் கிடைக்கும். ஆனால் இடைவெளி எங்கும் ஒன்றாக இராது. இடைவெளியை ஒன்றாக வைத்தால், கிடைப்பது நீள்வட்டமாக இராது. நீள்வட்டம் இரண்டாம் படிச் சமன்பாட்டில் அடங்குவது; அதன் இணைவளைவோ எட்டாம் படிக்கு ஏறிவிடுகிறது.

இந்த விந்தையின் வாயிலைத் திறந்தவருள் முதன்மையானவர் ஹாலந்து நாட்டுக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஊசல் கடிகாரம் பற்றி 1673இல் அவர் வெளியிட்ட நூலில், வளைவின்மீது சுற்றிய நூலை இறுக்கமாகப் பிடித்து அவிழ்த்தால் நுனி வரையும் கோட்டை ஆராய்ந்தார். நூலில் இரண்டு முடிச்சுகள் இட்டால் அவை இரண்டு கோடுகளை வரையும். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இணையானவை. 1692இல் லைப்னிட்ஸ் இணைவளைவுகளைப் பற்றியே எழுதினார்.

நம் மாணவனுக்குரிய நீதியை வழங்கியவர் யாகோப் ஸ்டெய்னர். சுவிட்சர்லாந்தின் உழவர் குடியில் பிறந்து, 14 வயதில்தான் எழுதக் கற்று, பின்னர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1840இல் அவர் நிறுவிய உண்மை எளியது: உட்குழிவில்லாத எந்த மூடிய வளைவையும் வெளிப்புறமாக ஒரு தொலைவு நகர்த்தினால், அதன் சுற்றளவு அத்தொலைவை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் சுற்றளவு அளவே கூடும். மைதானம் பெரிதா சிறிதா என்பது பொருட்டன்று. 1.22 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 7.67 மீட்டர். கல்லூரித் திடலிலும் ஒலிம்பிக் அரங்கிலும் கணக்கு ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டில் இது தொழிற்சாலைக்கு வந்தது. உலோகத்தைக் குடையும் வெட்டுளிக்குத் தடிமன் உண்டு. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உளியின் மையம், நாம் விரும்பும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் விலகியே செல்ல வேண்டும். அம்மையத்தின் பாதைதான் இணைவளைவு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் டக்ளஸ் ராஸ் தலைமையில் உருவான 'ஏ.பி.டி.' என்னும் மொழி, இத்தகைய பாதைகளைக் கணினியே கணக்கிடும்படி செய்தது. 1959இல் அதை அறிமுகம் செய்தபோது, வந்திருந்த செய்தியாளர்களுக்கு அம்முறையில் குடைந்த அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை வழங்கினார்கள். அதே நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் 1963இல் 'ஸ்கெட்ச்பேட்' மூலம் திரையின்மேல் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டினார். 1982இல் வெளிவந்த 'ஆட்டோகேட்' கணினி வரைகலையைச் சிறு அலுவலகங்களின் மேசைக்குக் கொண்டுவந்தது.

இணைவளைவை உட்புறமாக வரையும்போது ஓர் இடர் நேர்கிறது. வளைவின் மிகக் குறுகிய திருப்பத்திற்குரிய ஆரத்தைவிட இடைவெளி மிகுமானால், கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு இரட்டைவால் குருவியின் வால்போல் பிளக்கும். உளி அவ்வழியே சென்றால் பொருள் பாழ். அந்த வாலை இனங்கண்டு நறுக்குவதே மென்பொருளுக்குப் பெரும்பாடு.

மற்றோர் உண்மையும் உண்டு. நேர்க்கோடும் வட்ட வில்லும் பிழையின்றி நகரும். பிற வளைவுகளிலோ, செங்குத்தின் நீளத்தைக் கணக்கிடும்போது ஒரு வர்க்கமூலம் வந்து நிற்கிறது. கணினி வரைகலையில் வழங்கும் கோவைகளுக்குள் அது பொதுவாக அடங்குவதில்லை. ஆட்டோகேட்டில் நீள்வட்டத்தை நகர்த்தினால் கிடைப்பது உண்மையான இணைவளைவுக்கு மிக நெருங்கிய வேறொரு கோடுதான். 1990இல் ஃபரூக்கி, சக்காலிஸ் என்னும் இருவர், மூன்று–நான்கு–ஐந்து என்ற பிதாகரஸ் எண்களின் உறவை வளைவுகளுக்கு ஏற்றி, வர்க்கமூலம் எழாத ஒரு வளைவுக் குடும்பத்தைக் கண்டளித்தார்கள்.

ஒருவரை ஒட்டியே நடப்பவர் அவர் நடந்த தூரத்தையே நடந்திருப்பார் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். திருப்பங்களில் வெளிப்புறம் நடப்பவரின் சுமை கூடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

மறு ஆண்டு விழாவில் எல்லாத் தடங்களுக்கும் தொடக்கக்கோட்டைப் படிப்படியாக முன்தள்ளி வரையச் செய்தோம். அதற்குள் அந்த மாணவன் படிப்பை முடித்துச் சென்றுவிட்டான்.