கோடி

தெருக்கோடி, கோடி வீடு, வடகோடி என்று சொல்லும்போது யாரும் எண்ணை நினைப்பதில்லை. அங்கே கோடி என்றால் விளிம்பு; அத்தோடு தெரு முடிந்தது. வடமொழியில் இதே சொல்லுக்கு வில்லின் நுனி என்றும் பொருள் உண்டு. தனுஷ்கோடி அந்த வில்நுனிதான். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனைக்குக் கோடியக்கரை என்று பெயர்.

எண்ணிக்கொண்டே போனவர்கள் போய் நின்ற நுனி என்பதால்தான் 1,00,00,000-க்கும் கோடி என்று பெயர் வந்தது எனச் சொல்லத் தோன்றும். ஆனால் கணித நூல்கள் அங்கே நிற்கவில்லை. ஆரியபட்டர் 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபடீயத்தில் கோடி எட்டாம் இடம். அதற்கு மேலும் அர்புதம், விருந்தம் உண்டு. தமிழிலும் தொல்காப்பிய உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பேரெண்களை அடுக்குகிறார்கள். என்ன அழகான பெயர்கள்! ஒன்றுகூடக் கடைத்தெருவுக்கு வரவில்லை. பட்ஜெட் தொகை எவ்வளவு பெருத்தாலும் ‘லட்சம் கோடி’ என்று பழைய சொல்லையே திரும்பக் கூப்பிடுகிறோம். ஏட்டில் நடுவே இருந்த பெயர், பேச்சில் நிஜமாகவே கடைக்கோடி ஆகிவிட்டது.

எண்ணின் குணத்திலும் ஒரு விளிம்பு இருக்கிறது. கோடி என்பது ஏழு இரண்டுகளையும் ஏழு ஐந்துகளையும் பெருக்கியது. அதனால் அதற்கு 64 வகுத்திகள். முழு வர்க்கம் அல்ல: 3162-இன் வர்க்கம் கோடிக்கு 1,756 குறைகிறது, 3163-இன் வர்க்கம் தாண்டிவிடுகிறது. கோடிக்குள் பகா எண்கள் 6,64,579. அவற்றில் கடைசி 99,99,991.

இதெல்லாம் கணக்கு வாத்தியார் சொல்வது. எனக்குப் பிடித்தது வேறு. பூஜ்யமே இல்லாத இரண்டு எண்களைப் பெருக்கிக் கோடியை வரவழைக்க முடியுமா? இரண்டும் ஐந்தும் ஒரே எண்ணுக்குள் சேர்ந்தால் அதன் கடைசியில் பூஜ்யம் வந்துவிடும். ஆகவே இரண்டுகளை ஒரு பக்கமும் ஐந்துகளை மறுபக்கமும் பிரித்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. பிரித்தால் 128 × 78,125. பூஜ்யமே இல்லை.

பத்துக்கு 2 × 5, நூறுக்கு 4 × 25, ஆயிரத்துக்கு 8 × 125 என்று தொடங்கும் இந்த வரிசை கோடி வரை அறுபடாமல் வருகிறது. பத்துக் கோடியில் அறுந்துவிடுகிறது: 256 × 3,90,625. அந்த ஒன்பதுக்குப் பக்கத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்துவிட்டது. நூறு கோடி தப்பிக்கிறது: 512 × 19,53,125. ஆயிரம் கோடியில் 1,024-லேயே மாட்டிக்கொள்கிறோம். பிறகு 1-க்குப் பின் 18 பூஜ்யம் உள்ள எண்ணும் 33 பூஜ்யம் உள்ள எண்ணும் மட்டுமே தேறியிருக்கின்றன. அதற்கு மேல் கணினியை விட்டு வெகுதூரம் தேடியும் இன்னொன்று சிக்கவில்லை. இனி இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை.