மன்னர் சிலையும் குண்டச்சும்

அமெரிக்க சுதந்திரப் போரைப் பற்றிப் பேசுவோர் வாஷிங்டனின் உறுதியையும் பிரான்சு அளித்த துணையையும் விரித்துரைப்பர். அப்போரில் சுடப்பட்ட குண்டுகளை வார்த்தவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலர். அவற்றுள் 42,088 தோட்டாக்களைப் பற்றி மட்டும் நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன். இன்னார் இத்தனை செய்தார் என்று பெயர் பெயராக எழுதிய கணக்கு ஒன்று எஞ்சியிருப்பதால் இவற்றைத் திட்டமாகச் சொல்ல முடிகிறது.

முத்திரைத்தாள் வரி 1766இல் நீக்கப்பட்டது. அந்த நன்றிப் பெருக்கில் நியூயார்க் மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சிலை எடுக்க முடிவு செய்தனர். ஜோசப் வில்டன் என்னும் சிற்பி வடித்த, மன்னர் குதிரைமேல் அமர்ந்த உருவம் 1770இல் பௌலிங் கிரீன் திடலில் நிறுவப்பட்டது. மேலே பொன்முலாம், உள்ளே வெறும் காரீயம். எடை ஏறத்தாழ 4,000 ராத்தல் என்பர். ஆறே ஆண்டுகளில் நன்றி வற்றிவிட்டது. 1776 ஜூலை 9ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் படைவீரர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. அன்று மாலையே ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சிலையைச் சாய்த்தது. வாஷிங்டன் மறுநாள் அந்த ஒழுங்கீனத்தைக் கண்டித்தார். ஆனால் படைக்கோ ஈயப் பஞ்சம். ஆகவே சிலைத் துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டிலுள்ள லிச்ஃபீல்டு என்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான ஆலிவர் உல்காட்டின் வீடு இருந்தது. வீட்டை அடுத்த ஆப்பிள் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டனர். உல்காட் விறகுக் கோடரியால் சிலையைத் துண்டாடினார். அவருடைய மக்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உருக்கி வார்த்தனர்.

உருக்குவது எளிது, காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகும், விறகடுப்பே போதும். அச்சைப் பழக்குவதுதான் வித்தை. அக்காலத்துக் குண்டச்சு குறடு போன்ற இரும்புக் கருவியாகவோ, பல குழிகள் கொண்ட பித்தளைச் சட்டமாகவோ இருக்கும். மாக்கல்லில் குடைந்தவையும் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறார்கள். வெல்லம் வார்ப்போர் மர அச்சை நனைத்துக்கொள்கிறார்கள். ஒட்டாமல் வருவதற்கு நாமறிந்த வழிகள் இவை. குண்டச்சில் இரண்டும் ஆகா. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது தீய்ந்து ஆவியாகி ஈயத்தைக் குழிக்குள் நிரம்பவிடாது. குண்டு சுருக்கம் விழுந்து வெளிவரும். ஈரமோ அதனினும் கொடிது. ஒரு துளி நீர் நொடியில் நீராவியாகி, கொதிக்கும் ஈயத்தை வார்ப்பவர் முகத்திலேயே வீசியடிக்கும்.

ஆகவே அச்சைத் துடைத்து, துருவையும் பிசுக்கையும் போக்கி, நெருப்பருகே வைத்துச் சூடேற்றுவர். பின்னர் மெழுகுவர்த்திச் சுடரின்மேல் குழிகளைக் காட்டிக் கரிப்புகை படியவிடுவர். மெல்லிய அப்படலம் ஈயம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளாதபடி தடுக்கும். தடித்துவிட்டாலோ குண்டு சிறுத்துப்போகும். அச்சு தக்க சூடு அடையுமுன் வார்த்த முதற்சில குண்டுகள் நன்றாக இரா. அவை மீண்டும் உருக்குச் சட்டிக்கே போகும். குண்டு விழ மறுத்தால் மரக்கட்டையால் கீலின்மேல் தட்டவேண்டும். இரும்பால் தட்டியோ கம்பியால் நெம்பியோ எடுத்தால் குழியின் விளிம்பு சிதையும். பிறகு வரும் ஒவ்வொரு குண்டும் அந்த வடுவைப் பற்றிக்கொண்டு உள்ளேயே நிற்கும். ஒரு கை அவசரம் ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிடும்.

இந்தப் பொறுமையை மனத்தில் கொண்டு கணக்கைப் பாருங்கள். ரூத் மார்வின் 11,592; திருமதி மார்வின் 6,058; திருமதி பீச் 1,802. உல்காட்டின் மூத்த மகள் லாரா 8,378. அவளினும் இளையவள், 1765இல் பிறந்த மேரி ஆன், 10,790! தம்பி பிரெடரிக் 1767இல் பிறந்தவன்; அவன் பங்கு 936. சிறுவன்தானே என்று அதை விட்டுவிடாமல் எழுதியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பெயர் குறிக்கப்படாத பலர் செய்தவை 2,182. ஊர்க்காவற்படைக்கு 50, விகில்ஸ்வர்த் என்பாரின் படைப்பிரிவுக்கு 300 கொடுத்ததும் பதிவாகியுள்ளது. கூட்டிப் பார்த்தேன், சரியாக 42,088 வருகிறது.

அக்கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. காரீயம் நஞ்சு, சிறுவர் உடலுக்கும் மூளைக்கும் மிகக் கேடு என்பதை இன்று மருத்துவம் ஐயமின்றி அறிந்திருக்கிறது. அச்சுத் தொழிலில் வளர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், ஈயத்தால் தொழிலாளர் படும் துன்பத்தைப் பற்றி 1786இல் நண்பர் ஒருவருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். லிச்ஃபீல்டுக் கொட்டகையில் பிள்ளைகள் விளையாட்டைப் போலக் குதூகலமாக வார்த்த காலத்துக்கு அது பத்தாண்டு பிந்தியது.

ராத்தலுக்குப் பதினெட்டுக் குண்டுகள் என்று கொண்டால், 42,088 குண்டுகளுக்கு 2,300 ராத்தலுக்குச் சற்று மேல் ஈயம் போதும். சிலையின் எடையோடு ஒப்பிட்டால் மீதி பெரிது. சில துண்டுகள் வழியிலேயே, வில்டன் என்று சிற்பியின் பெயரையே கொண்ட கனெக்டிகட் ஊரில் காணாமற்போய், 19ஆம் நூற்றாண்டில் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்டன. மன்னரின் குதிரை வால் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தின் காட்சிச் சாலையில் உருகாமல் இருக்கிறது.