பேராக் தோட்டங்களில் மண்காப்பு வேளாண்மை

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மண்ணையும் நீரையும் உயிரினங்களையும் காக்க ஏறக்குறைய நூறாண்டுகளாக உருவாகிவந்த சாகுபடி முறைகள் இப்பெயரில் அடங்கும். சரிவுக்குக் குறுக்கே படிமேடை வெட்டுவது, தரைமூடிக் கொடி வளர்ப்பது, மரம் மாற்றும்போது தீ வைக்காமல் விடுவது, எலிக்கும் புழுவுக்கும் அவற்றின் இயற்கை எதிரிகளைத் துணை கொள்வது ஆகியவை இவற்றில் முக்கியமானவை. ஆய்வாளர் கண்டுபிடித்தார், நிர்வாகம் ஏற்றுக்கொண்டது என்றே இவ்வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். கூலிச் செலவும் ரப்பர் விலையும் அசையும்போதுதான் தோட்டத்தின் தரையும் மாறியது. ஆகவே மண்ணில் வேலை செய்தவரை விட்டுவிட்டு மண்காப்பை மட்டும் அளப்பது குறைக்கணக்கு.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் கிந்தா பள்ளத்தாக்கின் ஓரங்களிலும் சுங்கை சிப்புட் பக்கத்திலும் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தொழில் பழகி வந்த துரைமார், மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் நிற்கக்கூடாது என்ற வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த தொழிலாளர்கள், பெண்களே மிகுதியாக, நிரை நிரையாகப் புல் கொத்தினார்கள். தைப்பிங்கில் ஆண்டு மழை சுமார் 4,000 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட மழையை வெறுந்தரையில் வாங்கிய சரிவுகளில் மேல்மண் கரைந்து, மரவேர்கள் வெளியே தெரிந்தன. இதற்குத் தோட்டத்தார் தரப்பில் இரண்டு சமாதானங்கள் உண்டு. ஆறுகளில் சேர்ந்த வண்டலுக்கு ஈயச் சுரங்கங்களே காரணம் என்பது ஒன்று. ஈப்போவைச் சுற்றிச் சுரங்கங்கள் கொட்டிய மணலை எண்ணினால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சுரங்கமே இல்லாத மலைச்சரிவுத் தோட்டத்தில் வேர் ஏன் வெளியே வந்தது என்பதற்கு அது விடையாகாது. லாலாங் புல் மண்ணின் சத்தை உறிஞ்சும், காய்ந்தால் தீப்பிடிக்கும், அதனால் கொத்தாமல் இருக்க முடியாது என்பது மற்றொன்று. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் லாலாங்கை ஒழிப்பதற்காக எல்லாச் செடியையும் ஒழித்தது நியாயமில்லை.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்தது. சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. பல்லாயிரம் தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். புல் கொத்தும் செலவு குறைக்கப்பட்டது. கழகத்தைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ், தானாக முளைக்கும் கீழ்ச்செடிகளைத் தரம் பிரித்து, நல்லவற்றை விட்டுவைக்கலாம் என்று விளக்கும் கையேட்டை 1934இல் வெளியிட்டார். அந்த ஆண்டு தற்செயலானதன்று. கையில் காசு இருந்த காலத்தில் ஒழுங்கீனமாகத் தெரிந்த பசுந்தரை, காசில்லாத காலத்தில் அறிவாகத் தெரிந்தது. அண்டை அயலில் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள் நெருக்கமாக நட்டு, புதர் மண்டவிட்டு, அதே மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்ததைத் தோட்ட நிர்வாகங்கள் நெடுங்காலம் சோம்பல் என்றே எண்ணின. பிறகு புவேரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் ஆகிய அவரைக் குடும்பக் கொடிகளைக் கலந்து விதைப்பது பொது வழக்கமாயிற்று. அவை லாலாங்கை மூடி அடக்கின. மழைத்துளியின் அடியைத் தாங்கின. காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்த்தன. கொடி மண்டினால் வேர்நோய் பரவும் என்ற ஆட்சேபமும் எழுந்தது. பின்னாளைய ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. கொடியின் நிழலில் பழைய அடிக்கட்டைகள் விரைவாக மக்குவதால், வெண்வேர்ப் பூஞ்சை உணவின்றி வலுவிழக்கிறது.

மண் அதிகம் போவது மரம் நிற்கும் காலத்தில் அன்று. பழைய மரம் போய்ப் புதுக் கன்று தலையெடுக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபோது இந்த ஆபத்துக் காலம் தோட்டம் தோட்டமாக நேர்ந்தது. மரங்களைச் சாய்த்துக் கொளுத்துவதற்கு மாற்றாக, துண்டாக்கி வரிசைகளில் மக்கவிடும் முறையை கோல்டன் ஹோப் நிறுவனம் 1989 முதல் பெருமளவில் கையாண்டு, 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருதைப் பெற்றது. புகையும் குறைந்தது, மரத்திலிருந்த சத்தும் மண்ணுக்கே திரும்பியது.

வன உயிர்களைப் பொறுத்தவரை உரிமை கோரல் அடக்கமாகவே இருக்கவேண்டும். 1960களின் இறுதி வரை தீபகற்பத்தில் அரிதாக இருந்த கூகை, செம்பனைத் தோட்டத்து எலிகளை நம்பிப் பெருகியது. அதற்குக் கூடுகட்டப் பெட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. செம்பனை இலையைத் தின்னும் மூட்டைப்புழுவின் எதிரிக் குளவிகளுக்குத் தேன் தரும் பூஞ்செடிகளைப் பாதையோரம் நடுகிறார்கள். இவை நச்சு மருந்தைக் குறைக்கின்றன, அதற்குமேல் இல்லை. யானைக்கும் இருவாச்சிக்கும் வேண்டியது காடு. 2007இல் அரச பெலும் பூங்காவாக அறிவிக்கப்பட்டது போன்ற காடு. அதன் இடத்தை எந்தக் கொடியும் நிரப்பாது.

இந்த வரலாற்றின் கசப்பான பகுதி மருந்தடிப்பு. மண்வெட்டியால் கொத்தினால் மண் கரைகிறது, களைக்கொல்லி வேரைக் கிளறாமல் புல்லைக் கருக்குகிறது என்ற வாதம் மண்ணளவில் சரியே. ஆனால் வெளிக்காட்டு வேலையில் முதுகில் தொட்டியைச் சுமந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். கண்ணெரிச்சல், மூக்கில் இரத்தம், நகம் கெடுதல் என அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகனிதா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டுக்குத் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத்தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. தோட்டங்கள் மாற்று மருந்தில்லாமல் தாங்கா என்பதே இடையில் சொல்லப்பட்ட காரணம். தடைக்குப் பின்னும் தோட்டங்கள் நடக்கின்றன. மலேசிய நிலைபேறான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் அதே 2020இல் கட்டாயமாகி, ஆற்றோரப் பகுதியைப் பேணுவதோடு தொழிலாளர் பாதுகாப்பையும் நிபந்தனையாக்கியது. மண்ணையும் ஆளையும் ஒரே ஏட்டில் எழுதும் முறை அங்கே தொடங்குகிறது. இன்று தொட்டியைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தொட்டியில் இருப்பது கிளைபோசேட், குளுபோசினேட் என்ற வேறு களைக்கொல்லிகள்.